இரண்டு பிளாஸ்க் தேத்தண்ணி

கதிர்காமநாதன் டிரெஸ்ஸருக்குப் பெண்சாதியோடு பேச ஓர் இடம் இல்லாமல் போனது எழுபத்தொன்பதாம் வருஷம், மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்.

வீடு இல்லாமல் இல்லை. மலாய் நாட்டுத் தீவு ஒன்றில், ஆயர் ஈத்தாம் ரோட்டுப் பக்கம், மாடியில் பலகைத் தரையும் கீழே சிமெண்டுத் தரையுமாக நல்ல வாடகை வீடு. வேலையிடமும் இல்லாமல் இல்லை. டவுனுக்குள் சந்தைக்குப் பின்னால் இருந்த தாய்சேய் கிளினிக்கில்தான் இருவருக்கும் வேலை. அவர் அங்கே டிரெஸ்ஸர். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார், சந்தையில் கையை வெட்டிக்கொண்டு வரும் மீன்காரர்களுக்குத் தையல் போடுவார். மனைவி ஞானாம்பிகை அங்கே ஸ்டாஃப் நர்ஸ். ஊருக்கு அவர் 'மிஸி'. இருவருடைய பெற்றோரும் யாழ்ப்பாணத்திலிருந்து கிளார்க்கு வேலைக்கு வந்தவர்கள். தங்களுக்குள் பேசும்போது அந்தப் பேச்சு அப்படியே வந்துவிடும்.

சிக்கல் ஒரு சட்டத்தில் இருந்தது. கல்யாணமான புதிதில் ஞானாம்பிகை, வரிசையில் உட்கார்ந்திருக்கும் நோயாளிகளுக்கு முன்னால், "ஈரத் துவாயைக் கட்டில்ல போட்டிட்டு வந்தனீங்களோ?" என்று கேட்டுவிட்டார். அன்று சாயந்திரமே கதிர்காமநாதன் சட்டம் போட்டார்: கிளினிக்கில் வீட்டுக் கதை இல்லை, வீட்டில் கிளினிக் கதை இல்லை. ஞானாம்பிகை சரியென்றார். அவர் ஒன்றுக்குச் சரியென்றால் அது கல்லில் வெட்டியது மாதிரி.

பல வருஷம் அந்தச் சட்டம் யாருக்கும் தொந்தரவு தரவில்லை. டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். மற்ற நாட்களில் கிளினிக்குக்குத் தலைவர் என்று யாரும் கிடையாது. பத்து மணிக்கு எல்லோருமாகத் தேத்தண்ணி குடித்தார்கள், பன்னிரண்டரைக்கு எல்லோருமாகச் சாப்பிட்டார்கள். பிறகு சுகாதார ஆபீஸ், ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஓர் 'இன்சார்ஜ்' வேண்டும் என்று சொன்னது. டிரெஸ்ஸர்தான் என்று டிரெஸ்ஸர் உட்பட எல்லோரும் நினைத்தார்கள். வந்த கடிதத்தில் ஞானாம்பிகை பெயர் இருந்தது.

டிரெஸ்ஸர் குறை காட்டவில்லை. மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்கு நடந்து போய்ப் பால்கோவா வாங்கிவந்து தம் கையாலேயே எல்லோருக்கும் கொடுத்தார். மறுநாள் காலையில்தான் வினை வந்தது. இன்சார்ஜ் முதல் வேலையாக ஊசிமருந்து வைக்கும் குளிர்ப்பெட்டியைத் திறந்தார். போலியோ சொட்டு மருந்துக்குப் பக்கத்தில், ஆரஞ்சு பார்லி போத்தலில், கறிவேப்பிலை மிதக்கும் டிரெஸ்ஸரின் மோர் இருந்தது. வருஷக்கணக்காக அங்கேதான் இருந்தது. அவருக்கு வயிற்றுச் சூடு. ஞானாம்பிகை போத்தலை எடுத்து நடு மேசையில் 'டொக்' என்று வைத்தார். குளிர்ப்பெட்டியைப் பூட்டினார். சாவியை இடுப்புப் பட்டியில் கோத்துக்கொண்டார். பதினைந்து நோயாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு சீனக் கிழவர், பார்த்ததோடு நில்லாமல் தலையையும் ஆட்டினார்.

மத்தியானமே கதிர்காமநாதன் கடலுக்கு அந்தப் பக்கம், சிம்பாங் அம்பாட் கிளினிக்குக்கு மாற்றல் கேட்டு எழுதினார். எழுதிய கடிதம் இன்சார்ஜ் வழியாகத்தான் போக வேண்டும். கொண்டுபோய் மேசையில் வைத்தார். ஞானாம்பிகை வாசித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், "பாக்கிறன்" என்றார்.

மனிதருக்குப் போக ஆசையில்லை. போகாதேங்கோ என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் எழுதினார். அன்று இரவு புட்டும் சொதியும் வைத்தார்கள். அவர் மெல்லத் தொடங்கினார்.

"அந்தக் கடிதம்..."

"வீட்டில கிளினிக் கதை இல்லை," என்றார் ஞானாம்பிகை, அகப்பையை நீட்டியபடி. "சொதி காணுமோ, இன்னும் விடட்டோ?"

மறுநாள் கிளினிக்கில், மேசைக்கு முன்னால் நோயாளி இல்லாத நேரம் பார்த்து அருகே போனார். "நான் ஏன் எழுதினனான் எண்டால், நீர் அண்டைக்கு..."

"அது வீட்டுக் கதை. கிளினிக்கில இல்லை. நவமணி, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லி டிரெஸ்ஸரிட்டச் சொல்லும்."

டிரெஸ்ஸர் ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். நவமணி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், மிஸி அடுத்த ஆளக் கூப்பிடச் சொல்றாங்க" என்றாள்.

அன்று தொடங்கியது. நவமணி புதிதாக வந்த உதவி நர்ஸ். ஊர் சிம்பாங் அம்பாட். விடிவதற்கு முன் பஸ் பிடித்து, பெர்ரி ஏறி, ஓட்டமும் நடையுமாக வந்து சேர்வாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதனால் யார் எது சொன்னாலும் ஒரு சொல் குறையாமல் எடுத்துப்போனாள். "பஞ்சு முடிஞ்சுது எண்டு மிஸியிட்டச் சொல்லும்." "மிஸி, பஞ்சு முடிஞ்சுதாம்." "முடியிறதுக்கு முதல் சொல்லியிருக்க வேணும் எண்டு சொல்லும்." "சார், முடியறதுக்கு முந்தியே சொல்லணுமாம்." நோயாளிகள் இதைப் பார்க்கவே கொஞ்சம் முன்னதாக வரத் தொடங்கினார்கள்.

தனியாக இருக்கும்போது அவள் டிரெஸ்ஸரிடம் கேட்டாள்: "சார், எங்க ஊருக்கா வரப்போறீங்க?"

"ஓம். ஏன், நல்ல ஊர்தானே?"

"நல்ல ஊர்தான் சார். தண்ணிதான் வராது. மழ பேஞ்சா அதுபாட்டுக்கு வீட்டுக்குள்ளயே வரும். லோரி போற சத்தத்துல தூக்கமும் வராது. மத்தபடி நல்ல ஊர் லா சார்."

கதிர்காமநாதனுக்கு அன்று மோர் குடித்தும் வயிறு எரிந்தது.

கிளினிக்கில் மூத்த அட்டெண்டர் சித்தி ஹாஜரா. தரை துடைப்பதும் தேத்தண்ணி கலக்குவதும் அழுகிற குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்வதும் அவர் வேலை. அவருக்கு இந்தச் சண்டையில் பெரிய கஷ்டம் தேத்தண்ணியில் வந்தது. மிஸிக்குச் சீனி ஆகாது. டிரெஸ்ஸருக்குச் சீனி இல்லாமல் ஆகாது. முன்பெல்லாம் மிஸி விட்டுக்கொடுத்து அரைச்சீனியில் குடித்தார். இப்போது விட்டுக்கொடுக்கிற நிலைமை இல்லை. "ரெண்டு ஆனை நடுவுல நான் ஒரு கேத்தலத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன்," என்று நவமணியிடம் சொல்லிக்கொண்டார்.

அந்த மாதம் பாலிக் புலாவ் பக்கத்து மீன்பிடிக் கிராமம் ஒன்றுக்கு ஊசி போடப் போகும் வேலையும் இவர்கள் தலையில் விழுந்தது. அந்தப் பக்கத்து நர்ஸ் பிள்ளை பெற லீவில் போயிருந்தாள். அங்கே இரண்டு வீட்டில் கக்குவான் இருமல் வந்திருப்பதாகப் பேச்சு. தாய்மாரைத் திரட்டி வைக்கும்படி கிராமத் தலைவருக்குச் சொல்லி அனுப்பியாயிற்று.

இப்படிப் போகும்போது மருந்தை ஐஸ் போட்டு ஒரு பிளாஸ்கில் எடுத்துப்போவார்கள். இன்னொரு பிளாஸ்கில் தேத்தண்ணி. மருந்துக்கென்று ஆபீஸ் புதிதாக ஓர் ஐஸ் பெட்டியும் அனுப்பியிருந்தது. அதைப் பிரித்து வைக்க வேண்டியது டிரெஸ்ஸரா மிஸியா என்பது முடிவாகாததால், அட்டைப் பெட்டி கயிறு அவிழாமல் மேசைக்கடியில் கிடந்தது. மருந்து அடுக்குவது எப்போதும் டிரெஸ்ஸர் வேலை. அன்று காலை மிஸி குளிர்ப்பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, அவர் வந்து எடுப்பார் என்று அறையை விட்டுப் போனார். சாவியை வைத்திருக்கிறவரே எடுக்கட்டும் என்று டிரெஸ்ஸர் வாசலில் நின்று வேனுக்குக் காற்று இருக்கிறதா என்று பார்த்தார். சித்தி ஹாஜரா வந்தார். மருந்து பிளாஸ்க் வெறுமையாக இருப்பதைப் பார்த்தார். மருந்து புதுப் பெட்டியில் போகிறது போல என்று நினைத்தார். இரண்டு பிளாஸ்கையும் கழுவி, ஒன்றில் சீனி போட்டதும் ஒன்றில் சீனி போடாததுமாகத் தேத்தண்ணி ஊற்றி, இறுக்கி மூடி வேனில் ஏற்றினார். மிஸி வேனில் இரண்டு பிளாஸ்க் இருப்பதைப் பார்த்தார். டிரெஸ்ஸர் மருந்தை எடுத்துவிட்டார் என்று குளிர்ப்பெட்டியைப் பூட்டினார். டிரெஸ்ஸர் மிஸி பூட்டுவதைப் பார்த்தார். மருந்தை எடுத்துவிட்டார் என்று வேனில் ஏறினார். கேட்டிருக்கலாம். யார் முதலில் கேட்பது என்பதுதான் கேள்வி.

வேன் ஓட்டிய அர்ஜுனன் கிராமத்து மண்டபத்தில் அவர்களை இறக்கிவிட்டு, "நாலு மணிக்கு வர்றேன் மிஸி" என்று வேறு வேலையாகப் போய்விட்டான். மண்டபம் கடலைப் பார்த்தபடி இருந்தது. வெளியே பாயில் நெத்திலி காய்ந்தது. உள்ளே நாற்பது தாய்மாருக்குக் குறையாது. மலாய்க்காரிகள், சீனத்திகள், தோட்டத்துப் பக்கமிருந்து வந்த மூன்று தமிழ்ப் பெண்கள். பிள்ளைகளின் அழுகையில் கூரைத் தகரம் அதிர்ந்தது. மிஸி வெள்ளைத் துணி விரித்தார், ஊசிகளை வரிசையாக வைத்தார், பிளாஸ்கைத் திறந்தார். ஆவி வந்தது.

அடுத்ததைத் திறந்தார். அதிலும் ஆவி வந்தது.

"நவமணி," என்றார் மெதுவாக. "மருந்து எங்கையெண்டு டிரெஸ்ஸரிட்டக் கேளும்."

"சார், மருந்து எங்கன்னு..."

"மிஸியிட்டத்தானே சாவி. மிஸியிட்டக் கேளும்."

"மிஸி, சாவி உங்ககிட்டத்தான..."

"இதுல சீனி போட்டது சாருக்கு. அதுல சீனி போடாதது உங்களுக்கு மிஸியம்மா," என்று சித்தி ஹாஜரா உதவிக்கு வந்தார். பிறகு எல்லோருடைய முகத்தையும் பார்த்தார். "அப்ப அந்தப் புதுப் பெட்டி?"

"மேசைக்குக் கீழ," என்றாள் நவமணி. சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். வேலை போய்விட்டது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

இன்று திருப்பி அனுப்பினால் இந்தத் தாய்மார் அடுத்த மாதம் வரமாட்டார்கள் என்பது கதிர்காமநாதனுக்குத் தெரியும். அவர் வெளியே போய், நெத்திலிப் பாய்க்குப் பக்கத்தில் நின்ற மீன் வியாபாரியிடம் பேசி அவனுடைய ஹோண்டா மோட்டோவை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். பின்னால் மீன் கூடை கட்டுகிற பலகை இருந்தது. வாசனையும் இருந்தது.

"சாவியைத் தரச் சொல்லும் நவமணி. நான் போய் எடுத்துக்கொண்டு வாறன்."

"சாவி கை மாறக் கூடாது எண்டு ஆபீஸ் சொல்லியிருக்கு எண்டு சொல்லும்."

"அப்ப மிஸியே போகட்டும்."

"எனக்கு மோட்டோ ஓடத் தெரியாது எண்டு அவருக்கு நல்லாத் தெரியும்."

சித்தி ஹாஜரா ஒரு கையில் குழந்தையோடு நடுவில் வந்தார். "ரெண்டு பேரும் போங்க லா. நான் இவங்களப் பாத்துக்கிறேன். போங்க, வெயில் ஏறுது."

மிஸி தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்தார். தேத்தண்ணியை மண்டபத்துக் கேத்தல் இரண்டில் கவிழ்த்துவிட்டுக் கழுவிய இரண்டு பிளாஸ்கையும் மடியில் அணைத்துக்கொண்டு, மீன் பலகையில் ஒரு பக்கமாக உட்கார்ந்தார். கதிர்காமநாதன் மோட்டோ ஓட்டிப் பல வருஷமாகியிருந்தது. முதல் வளைவில் ஒரு வாத்துக் கூட்டத்தைக் கலைத்தார். இரண்டாவது வளைவில் பின்னாலிருந்து ஒரு கை அவர் சட்டையைப் பிடித்தது.

டவுனுக்குப் போக மலையை ஏறி இறங்க வேண்டும். ஏற்றம் தொடங்கியதும் ஹோண்டா இருமியது. பிறகு மூச்சு வாங்கியது. பிறகு இரண்டு பேரைத் தூக்க முடியாது என்று நின்றுவிட்டது.

"இறங்கும்," என்றார் கதிர்காமநாதன், நவமணி இல்லாமல்.

ஞானாம்பிகை இறங்கினார். கதிர்காமநாதன் மோட்டோவைத் தள்ளினார்; மனைவி பிளாஸ்குகளோடு பக்கத்தில் நடந்தார். இரண்டு பக்கமும் ஜாதிக்காய் மரங்கள். கீழே விழுந்து வெடித்த காய்களின் காரமான மணம். வெயில் இலைகளுக்குள் துண்டு துண்டாக இறங்கியது. கொஞ்ச தூரம் போனதும் கதிர்காமநாதன் நின்றார்.

"இஞ்சரும். இது என்ன இடம்?"

"ஜாதிக்காய்த் தோட்டம்."

"அது தெரியுது. இது வீடோ, கிளினிக்கோ?"

ஞானாம்பிகை யோசித்தார். முன்னும் பின்னும் பார்த்தார். "ரெண்டும் இல்லை."

"அப்ப கதைக்கலாம்."

"கதைச்சுக்கொண்டே தள்ளுங்கோ. நாப்பது பிள்ளையள் நிக்குதுகள்."

அவர் தள்ளிக்கொண்டே, இத்தனை வாரம் வாய்க்குள் வைத்திருந்ததை அவிழ்த்தார். "ஊருக்கு முன்னால என்ரை மோர்ப் போத்திலைத் தூக்கி மேசையில வைச்சீர். என்னை என்ன நினைக்குங்கள் சனம்?"

"போலியோ மருந்துக்குப் பக்கத்தில மோர். நீங்கள் ஒவ்வொரு மிடறுக்கும் கதவைத் திறக்க உள்ளுக்குச் சூடு போகுது. மருந்து செத்துப்போனது தெரியாமல் நான் பிள்ளையின்ரை வாயில விட்டு, நாளைக்கு அதுக்குக் கால் விளங்காமல் போனால்? தாய்க்கு என்ன சொல்லுவன், எங்கடை அவருக்கு வயித்துச் சூடு எண்டோ?"

கதிர்காமநாதன் பத்தடி தூரம் தள்ளினார். "அது சரிதான்," என்றார். "அதை முதல் நாள் வீட்டில தனிய வைச்சுச் சொல்லியிருக்கலாம்தானே?"

"வீட்டில கிளினிக் கதை இல்லையெண்டு ஆர் சொன்னது?"

மோட்டோ திடீரென்று இன்னும் கனத்தது. அவர் சட்டையின் முதுகு நனைந்துவிட்டது. ஒரு வளைவு கடந்ததும், பார்வையைச் சாலையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்: "சரி, அந்தக் கடிதத்துக்கு என்ன செய்யப் போறீர்?"

"அது போன கிழமையே போயிட்டுது."

"எங்கை?"

"ஆபீசுக்கு. சப்போர்ட் பண்ணி அனுப்பிட்டன்."

அவர் கை தளர்ந்தது. மோட்டோ பின்னால் உருண்டு, ஞானாம்பிகையின் வெள்ளைச் சப்பாத்தில் ஏறி நின்றது. அவர் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. உச்சிக்குப் போனதும் ஏறி உட்கார்ந்தார்கள். இறக்கம் முழுவதும் கதிர்காமநாதனின் கண்ணுக்கு முன்னால் சிம்பாங் அம்பாட் லோரிகள் ஓடின. நவமணி மாதிரி தினமும் பஸ்ஸும் பெர்ரியுமாக ஓட இந்த வயதில் முடியாது. ஒற்றை அறை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர் வராத குழாய். சனிக்கிழமை பெர்ரியில் விருந்தாளி மாதிரி வீட்டுக்கு வரவேண்டும். சொதி காணுமோ என்று கேட்க ஆளில்லை.

கிளினிக்கில் நுழைந்ததும் பேச்சு நின்றது, அது கிளினிக். மிஸி திறந்தார், எண்ணினார், நீட்டினார். டிரெஸ்ஸர் வாங்கினார், ஐஸை உடைத்தார், அடுக்கினார். ஒருவர் கை நீளும்போதே மற்றவர் கையில் அது இருந்தது. பல வருஷப் பழக்கம். போகும்போது டிரெஸ்ஸர் குனிந்து, மேசைக்கடியில் கிடந்த புதுப் பெட்டியின் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். இரண்டு பிளாஸ்கையும் அதற்குள் இறக்கி, சுற்றி ஐஸ் போட்டு, மீன் பலகையின் பின்பாதியில் கட்டினார்கள். முன்பாதி மிஸிக்கு.

திரும்பும் ஏற்றத்திலும் ஹோண்டா அதே மாதிரி நின்றது. இந்த முறை யாரும் சொல்லாமலே ஞானாம்பிகை இறங்கினார். பின்னால் நின்று ஒரு கையால் பெட்டியைப் பிடித்து அவரும் தள்ளினார்.

"சப்போர்ட் எண்டால்," என்றார் கதிர்காமநாதன், "என்ன எழுதினீர்?"

"உள்ளதை எழுதினன். கெட்டிக்காரர், கை சுத்தம், தையல் வடிவாப் போடுவார், அங்கை போக ஆசைப்படுறார்."

"ம்."

"பதில் ஆள் வந்து வேலையைப் பொறுப்பெடுத்த பிறகு இவரை விடலாம் எண்டும் எழுதினன்."

கதிர்காமநாதன் தள்ளுவதை நிறுத்தவில்லை. ஆனால் நடை மாறியது. 'பதில் ஆள் வந்த பிறகு' என்றால் ஆபீஸ் பாஷையில் என்ன பொருள் என்று அந்தத் தீவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கிளினிக் தோட்டக்காரர் ரிட்டயராகி மூன்று வருஷம். பதில் ஆள் வந்துகொண்டே இருக்கிறார். வாசலில் லாலாங் புல் இடுப்பளவுக்கு நிற்கிறது.

"ஏன் அப்பிடி எழுதினீர்?"

"நான் மறிச்சால், பெண்சாதி அதிகாரம் பண்ணி மறிச்சவள் எண்டு சொல்லுவியள். விட்டால்..."

"விட்டால்?"

"மோட்டோவைத் தள்ளுங்கோ. ஐஸ் கரையுது."

அவர் தள்ளினார். சிரிப்பு வயிற்றிலிருந்து மேலே வந்துகொண்டிருந்தது. உச்சியில் மூச்சு வாங்கியபடி, "அப்ப அந்தக் கடிதத்தைத் திருப்பி எடுக்கட்டோ?" என்றார்.

"வேண்டாம், கிடக்கட்டும். எனக்குக் கோவம் வாற நேரம், பதில் ஆளைக் கெதியா அனுப்புங்கோ எண்டு ஆபீசுக்கு ஒரு ரிமைண்டர் போடலாம்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு தாயும் போயிருக்கவில்லை. சித்தி ஹாஜரா இரண்டு வகைத் தேத்தண்ணியையும் ஒன்றாகக் கலந்து, தண்ணீர் விட்டு நீட்டி, தேங்காய்ச் சிரட்டையிலும் கோப்பையிலுமாக எல்லோருக்கும் கொடுத்து முடித்திருந்தார். நவமணி பயத்தில் எல்லாப் பிள்ளைகளையும் தராசில் நிறுத்துவிட்டு, பிறகு தாய்மாரை நிறுத்து, அதுவும் தீர்ந்ததும் கிராமத் தலைவரை நிறுத்துக்கொண்டிருந்தாள். தாய்மார் அவருடைய எடையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

டிரெஸ்ஸர் பிள்ளையின் தொடையைப் பிடித்தார், மிஸி குத்தினார்.

"அடுத்த பிள்ளை," என்றார் டிரெஸ்ஸர்.

"மிஸி, அடுத்த பிள்ளையாம்," என்றாள் நவமணி.

"எனக்குக் கேக்குது பிள்ளை. நீர் போய்ச் சொட்டு மருந்தைக் கொடும்."

நவமணி இருவரையும் பார்த்தாள். பிறகு சித்தி ஹாஜராவிடம் ஓடிப்போய்க் காதில் சொன்னாள்: "அக்கா, நேரா பேசுறாங்க."

"ஒண்ணும் சொல்லாத. பாக்காத மாதிரி இரு. கண்ணு பட்டுடும்."

நாலு மணிக்கு அர்ஜுனன் வந்தபோது கடைசிப் பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

அதற்காகச் சட்டம் ஒன்றும் மாறவில்லை. அன்று மாலை வீட்டில் கதிர்காமநாதன் இடியப்பத்தைப் பிய்த்தபடி, "புதன்கிழமைக்கு ஊசி காணாது போல..." என்று தொடங்க, ஞானாம்பிகை விரலை உயர்த்தினார். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி, செருப்பைப் போட்டுக்கொண்டு, "இஞ்சரும், வெளியில வாரும்" என்றார். ஞானாம்பிகை கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் போனார்.

அன்றிலிருந்து தினமும் விளக்குப் போடும் நேரத்தில் அந்த இரண்டு பேரும் தெருவில் இறங்கினார்கள். லாம்புக் கம்பத்திலிருந்து சந்து முனை வரைக்கும், சந்து முனையிலிருந்து லாம்புக் கம்பம் வரைக்கும், கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு நடந்தார்கள். சில நாள் சிரிப்பு கேட்டது. பல நாள் சண்டை கேட்டது. ஒருநாள் 'ரிமைண்டர் போடுவன்' என்பது நாலு வீட்டுக்குக் கேட்டது. அக்கம்பக்கத்தார், இந்த வயதில் என்ன காதல் இது என்று ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள்.

முனையில் மளிகைக் கடை வைத்திருந்த காஜா மொய்தீன் பல நாள் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் ஒரு மாலை, அரிசி அளப்பதை விட்டுவிட்டு வெளியே வந்தார்.

"என்னங்க டிரெஸ்ஸர், வீட்டுல ரொம்பப் புழுக்கமா? மிஸியக் கூட்டிக்கிட்டுக் காத்து வாங்க வந்துட்டீங்க?"

கதிர்காமநாதன் நிற்காமல் நடந்தபடியே சொன்னார்:

"காத்தில்லை பாய். மீட்டிங்."